ஓட்டை – 1

இருபது கொண்டை ஊசி வளைவும்
குழாயை மடியில் சாய்த்துக்கொண்டே வந்தேன்.
ஆறங்குல ஸ்டெயின்லெஸ், நான்கு துண்டு.
பன்னிரண்டாவது வளைவில்
முன்சீட்டுக் குழந்தை குழாயில் வாய்வைத்து ஊளையிட்டது.
கண்டக்டர் எனக்கொரு டிக்கெட்,
குழாய்க்கு இரண்டு கிழித்தார்.

மஞ்சக்குட்டைக்கு மேலே பிலோமினா மேடத்தின் வீடு.
போன டிசம்பரில் தங்க வந்த பையன்கள்
கரித்தட்டை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திப் படுத்தார்கள்.
காலையில் தாழ்ப்பாளை உடைத்தோம் என்றார்.
மூவரும் பிழைத்தார்கள், ஒருவனுக்கு மட்டும்
இன்னும் பெயர்கள் மறக்கிறதாம்.
ஒரே முறைதான் சொன்னார்,
உடனே டீக்கு சர்க்கரை எத்தனை என்று கேட்டார்.

நெருப்பில்லாமல் புகையாது. சரி.
புகையாமலே நெருப்பு செய்வதும் உண்டு:
நிறமில்லை, நாற்றமில்லை,
தலைவலியாய் வரும்,
தூக்கமாய்ப் பக்கத்தில் படுத்துக்கொள்ளும்.

வெள்ளையன் சீமை ஓட்டைப் பிரித்தார்.
முகட்டுக்கு மேல் மூன்றடி ஏற்றினேன்.
“கொம்பு மாதிரி இருக்கே” என்றார் மேடம்.
முகட்டுக்குக் கீழே நின்றால்
காற்று புகையைக் காதைத் திருகி வீட்டுக்கே அனுப்பும்.
மேல்துண்டு கீழ்த்துண்டுக்குள் இறங்கணும்,
மாற்றிச் செருகினால் தார் வெளியே வழியும்.
குழாய் கூரைமரத்தைத் தொடவே கூடாது,
நடுவே இரட்டைத் தகடு, இடைவெளி.
மழைக்கொரு மூடி.
எல்லாம் செய்தேன்.

காய்ந்த காபிக்கட்டை நாலு அடுக்கி
பழைய பேப்பரைக் கொளுத்திக் குழாயைச் சூடாக்கி
அடுப்பின் வாயருகே ஊதுபத்தி பிடித்தேன்.
புகை உள்ளே போகணும்.
என் முகத்துக்கு வந்தது.

மூடியைப் பார்த்தேன். முழங்கையைப் பார்த்தேன்.
கூரைமேல் ஏறி, இறங்கி, மறுபடி ஏறி,
பதினேழு வருசத் தொழில்
ஊதுபத்தி முன்னால் பள்ளிக்கூடப் பையனாய் நின்றது.
வெள்ளையன் வேறெங்கோ பார்த்து உதவினார்.

அப்போது கரண்ட் போனது.
மலையில் அது செய்திகூட இல்லை.
சமையலறையில் மிளகாய் பஜ்ஜி பொரித்த சகாயம்
“அய்யோ, ஃபேன் நின்னுருச்சு” என்றாள்.
இருட்டில் செம்புள்ளி ஒன்று என் விரல்நுனியில்,
டார்ச் அடித்தேன்:
யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டதுபோல்
புகை திரும்பி
அடுப்புக்குள் நடந்தது.

கரண்ட் வந்தது. புகை மறுபடி என் முகத்துக்கு.

ஜன்னல் இடுக்கெல்லாம் குளிருக்கு ரப்பர் ஒட்டியிருந்தார்கள்.
எக்ஸாஸ்ட் ஃபேன் வெளியே துப்பத் துப்ப
வீட்டுக்கு மூச்சு வேணும்,
இருந்த ஒரே மூக்கு நான் வைத்த குழாய்.

அடுப்புக்குப் பின்னால், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில்
நாலங்குலம் துளைத்தேன், எலிக்கு வலை வைத்தேன்.
அடுப்பெரிந்தால் ஃபேன் போடாதே என்று
சுவிட்சின்மேல் எழுதி ஒட்டினேன்.
“குளிருக்கு அடுப்பு வாங்கினேன்,
நீ குளிருக்கே வாசல் வைக்கிறாய்” என்றார் மேடம்.
ஊதுபத்தியை அவர் கையிலேயே கொடுத்தேன்.
நெடுநேரம் பிடித்துக்கொண்டிருந்தார், சாம்பல் சேலையில் விழ.

பில்:
குழாய் – 4. மூடி – 1. விஷவாயு அலாரம் – 2.
ஓட்டை – 1, முந்நூற்றைம்பது ரூபாய்.
கடைசி வரியை மட்டும் அடித்தார்.
“இல்லாததுக்கு எதுக்குப்பா காசு?”

இரவு பதினொன்றுக்கு போன்.
கீழே சேலத்தில் பனியனோடு மொட்டைமாடியில் கிடந்தேன்.
“உன் ஓட்டை விசிலடிக்குது. துணி அடைக்கட்டுமா?”
“அடிக்கட்டும் மேடம்.
சத்தம் நின்ற ராத்திரி கூப்பிடுங்க,
எந்நேரமானாலும் வர்றேன்.”

போனை வைக்காமல் கொஞ்ச நேரம் இருந்தார்.
எனக்கும் கேட்டது,
மெல்லிசாய், சுருதி சேராமல்.

முந்நூற்றைம்பது இன்னும் வரவில்லை.